ஒரே எழுத்தில் தொடங்கினால் உறவாகிவிடுமா?

கேள்வி இதுதான்: ஆங்கிலச் சொற்களைப் படிக்கும்போது ஒரே எழுத்துகளைக் கொண்ட சொற்களைத் தொகுத்து வைத்துக்கொண்டால் பொருள் எளிதில் பிடிபடுமா? டபிள்யூ-ஆர் என்று தொடங்குபவை, கே-என் என்று தொடங்குபவை, ஜி-எல் என்று தொடங்குபவை எனப் பட்டியல்கள் எங்கும் கிடைக்கின்றன. அந்தச் சொற்களின் பொருளுக்குள்ளும் ஏதாவது தொடர்பு உண்டா, அல்லது எழுத்து மட்டும்தான் ஒன்றா?

சில தொகுதிகளில் தொடர்பு உண்டு. சிலவற்றில் துளியும் இல்லை. இன்னும் சிலவற்றில், இல்லாத உறவை இருப்பதாக எண்ணிய மக்கள் எழுத்தையே திருத்தி எழுதிப் பொய்யுறவை நிலைநாட்டியிருக்கிறார்கள். எது எந்த வகை என்று பார்க்கத் தெரிந்தவருக்குப் பட்டியல் நல்ல துணை. தெரியாதவருக்கு அது மனப்பாடச் சுமைதான்.

முதலில் ஒரு வகையை வாசலிலேயே நிறுத்திவிடுகிறேன்: எழுத்து விளையாட்டுச் சொற்கள். ஃபெசீஷியஸ் என்றால் இடம் பொருள் பாராமல் வேடிக்கை பேசுகிற. அப்ஸ்டீமியஸ் என்றால் ஊணிலும் குடியிலும் அளவோடு இருக்கிற. இரண்டிலும் ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் அதே வரிசையில் வருகின்றன. கணக்கெழுதுபவரைக் குறிக்கும் புக்கீப்பரில் ஓ, கே, ஈ மூன்றும் அடுத்தடுத்து இரட்டிக்கின்றன. கவனித்துக் கேட்பதைச் சொல்லும் லிசனின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால், பேச்சற்ற நிலையைச் சொல்லும் சைலண்ட் வருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது, 'லெவன் பிளஸ் டூ' என்பதன் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் 'ட்வெல்வ் பிளஸ் ஒன்' கிடைப்பது. இரண்டின் கூட்டுத்தொகையும் 13, எழுத்துகளின் எண்ணிக்கையும் 13. ரசிக்கலாம். ஆனால் இவற்றைக் கொண்டு ஒரு புதிய சொல்லின் பொருளைக்கூட ஊகிக்க முடியாது. சொல்வளம் பெருக்க நினைப்பவர் இதில் பொழுதைக் கழிக்க வேண்டியதில்லை.

பொருள்தொடர்பு உள்ள தொகுதிக்கு டபிள்யூ-ஆர் சொற்களைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து குறைவு. இன்று அந்த டபிள்யூ ஓர் ஊமை எழுத்து. 17-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் அது நாவிலிருந்து நழுவியது; அதற்கு முன் 'வ்ர' என்று சேர்த்தே ஒலித்தார்கள். ரிஸ்ட் என்பது மணிக்கட்டு, கை திரும்பும் இடம். ஈரத்துணியைப் பிழிவது ரிங். (மோதிரத்தைக் குறிக்கும் ரிங் வேறு, அதில் டபிள்யூ கிடையாது.) வெடுக்கென்று முறுக்கித் திருப்புவது ரெஞ்ச், அந்த வேலையைச் செய்யும் கருவிக்கும் அதே பெயர். பூவையும் இலையையும் வளைத்துப் பின்னிய வளையம் ரீத். தோலிலும் துணியிலும் விழும் சுருக்கம் ரிங்கிள். புழு நெளிவது ரிகிள். வலி தாளாமல் உடலை முறுக்கிப் புரள்வது ரைத். கட்டிப் புரண்டு மல்லாடுவது ரெஸில். உதடு ஒரு பக்கம் கோணிய சிரிப்பு 'ரை' வகைச் சிரிப்பு. எங்கும் முறுக்கல், திருகல், வளைவு. இவற்றுள் பல, திருப்புதல் என்ற பொருள் கொண்ட ஒரு தொல்வேரிலிருந்து கிளைத்தவை என்று மொழிநூலார் கொள்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் எதிர்பாராத உறுப்பினர் ராங், அதாவது தவறு. ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான நார்ஸிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லின் முதற்பொருள் 'வளைந்தது, கோணலானது' என்பதே. அதற்கு எதிரான ரைட் என்ற சொல்லின் பழம்பொருள் 'நேரானது'. தமிழ் வாசகருக்கு இதில் வியப்பு இராது. நேராக நின்ற கோல் செங்கோல், வளைந்தது கொடுங்கோல். நேர்மை நேரிலிருந்து வந்தது. தவறான வழியைக் கோணல்வழி என்கிறோம். லத்தீன்காரர்களும் இப்படியே நினைத்தார்கள்: முறுக்குதலைக் குறிக்கும் அவர்களுடைய வினையிலிருந்துதான் சித்திரவதையைக் குறிக்கும் டார்ச்சரும், பிறருக்கு இழைத்த தீங்கைக் குறிக்கும் டார்ட் என்ற சட்டச் சொல்லும் வந்தன. ராங், டார்ட் இரண்டிலும் பொதுவாக ஓ, ஆர் என்ற இரண்டு எழுத்துகள்தான் இருக்கின்றன. ஆனால் உள்ளே இருக்கும் படிமம் ஒன்றே. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, டபிள்யூ-ஆர் என்றாலே முறுக்கல் என்று முடிவுகட்டிவிடலாமா? முடியாது. எழுதுவதைக் குறிக்கும் ரைட் அதே எழுத்துகளில்தான் தொடங்குகிறது. அதன் மூலப்பொருள் கீறுதல், செதுக்குதல். கல்லிலும் மரத்திலும் கீறிய காலத்துச் சொல் அது. கப்பல் உடைந்து நொறுங்குவதைச் சொல்லும் ரெக், சிறு பறவையான ரென் ஆகியவையும் இந்தக் குடும்பத்தில் சேராதவை. பழைய ஆங்கிலத்தில் நாடு கடத்தப்பட்டவனைக் குறித்த சொல்தான் இன்று பரிதாபத்துக்குரியவனைக் குறிக்கும் ரெட்ச். ஒரு தொகுதியைப் படிக்கும்போது சேராதவற்றையும் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். விதிவிலக்குகள் இல்லாத பட்டியலைப் பார்த்தால், தொகுத்தவர் தமக்கு ஒத்துவராதவற்றைக் கழித்துவிட்டார் என்றே பொருள்.

கே-என் தொகுதி இதைவிடச் சுவையானது. இங்கும் கே ஒரு காலத்தில் ஒலித்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் ஒலிக்கிறது: முழங்காலை ஆங்கிலத்தில் நீ என்பார்கள், ஜெர்மனில் க்னீ. இந்தக் கூட்டத்தில் ஒரு பகுதிக்குப் புடைப்பு, முடிச்சு, அழுத்தித் திரட்டுதல் என்ற பொருள் ஓடுகிறது. விரல்முட்டி நக்கிள், கதவின் குமிழ் நாப், சிறு மேடு நோல், முடிச்சு நாட், அந்த முடிச்சிலிருந்தே பிறந்த பின்னல் நிட், மாவைப் பிசைவது நீட். இன்னொரு பகுதிக்கு இதோடு தொடர்பே இல்லை. நைட் என்ற வீரப்பட்டமும் நேவ் என்ற அயோக்கியனும் அப்படிப்பட்டவை. இரண்டு சொற்களும் முதலில் 'சிறுவன்', பிறகு 'ஏவலாள்' என்ற பொருளில் வழங்கியவை. முதல் சிறுவன் படைவீரனின் பணியாளாகி, தானே வீரனாகி, கடைசியில் பிரபுவாகிவிட்டான். இரண்டாமவன் வேலைக்காரனாகவே தங்கி, மேட்டுக்குடியினர் பார்வையில் போக்கிரியாகிப் போனான். சொற்களுக்கும் தலையெழுத்து உண்டு போலிருக்கிறது.

மூன்றாவது பகுதிதான் எனக்கு முக்கியம்: அறிதலைக் குறிக்கும் நோ. இதன் கே-என் வெறும் அலங்காரம் அன்று. லத்தீனிலும் கிரேக்கத்திலும் இதே வேர் ஜி-என் ஆக இருக்கிறது. அதனால்தான் அறிதிறனைக் குறிக்கும் காக்னிஷன், அடையாளம் காண்பதைக் குறிக்கும் ரெகக்னைஸ், நோயை ஆய்ந்து அறியும் டயக்னோசிஸ், கண்டும் காணாதது போல விடும் இக்னோர் எல்லாவற்றிலும் ஜி-யும் என்-னும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. சமஸ்கிருதத்தில் அது 'ஜ்ஞா'. அங்கிருந்து நமக்கு வந்தது ஞானம். ஆக, நோவும் ஞானமும் ஒரே வேரின் பிள்ளைகள். முடியும் என்பதைக் குறிக்கும் கேன் என்ற துணைவினையும் இதே வீட்டுப் பிள்ளைதான். அதன் பழைய பொருள் 'அறிந்திருத்தல்'. 'எனக்கு நீந்தத் தெரியும்' என்று நாம் சொல்லும்போது தெரிதலே இயலுதலாகிவிடுகிறது அல்லவா, ஆங்கிலத்தில் நடந்ததும் அதேதான். நாகரிகமற்ற என்று இன்று பொருள்படும் அன்கூத், ஒரு காலத்தில் 'அறியப்படாத' என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை. முழங்காலைக் குறிக்கும் நீக்கும் இப்படி ஓர் உறவு உண்டு: லத்தீனில் ஜெனு, சமஸ்கிருதத்தில் ஜானு. முழங்கால் வரை நீண்ட கைகளை உடையவனை ஆஜானுபாகு என்று நாம் சொல்வதில் அந்த ஜானு ஒளிந்திருக்கிறது.

இதுவரை சொன்னவற்றில் உறவு ஏற்பட்டது பிறப்பால். பிறப்பால் வராமல் சேர்க்கையால் உண்டாகும் உறவும் ஒன்று உண்டு. ஜி-எல் சொற்களைப் பாருங்கள். மங்கலாக ஒளிர்வது க்ளோ, மின்னுவது க்ளிட்டர், நீர் பட்டுப் பளபளப்பது க்ளிசன், சட்டென்று தெறிக்கும் சிறு ஒளி க்ளிண்ட், கண்ணைக் கூசவைப்பது க்ளேர், கணப்பார்வை க்ளிம்ப்ஸ், மேற்பூச்சின் மினுக்கு க்ளாஸ். மகிழ்ச்சியைக் குறிக்கும் க்ளாட் கூடப் பழைய ஆங்கிலத்தில் 'ஒளி பொருந்திய' என்று பொருள்பட்டது. அடுத்து எஸ்-என் சொற்கள்: தும்முவது ஸ்னீஸ், குறட்டை ஸ்னோர், முகர்வது ஸ்னிஃப், விலங்கின் முகமூக்கு ஸ்னவுட், சளி ஸ்னாட், மூக்கை நிமிர்த்திக்கொண்டு பிறரைத் தாழ்வாகப் பார்க்கும் குணம் ஸ்னூட்டி, இளக்காரமாக உதட்டைச் சுளிப்பது ஸ்னீர். நீருக்கடியில் மூச்சுவிட உதவும் ஸ்னார்க்கல் 20-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனிலிருந்து வந்து இந்தக் கூட்டத்தில் இயல்பாக உட்கார்ந்துகொண்டது.

பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபர்த் 1930-இல் இதற்கு ஃபோனஸ்தீம் என்று பெயரிட்டார். ஒரு சொல்லின் பகுதியோ விகுதியோ ஆகாத ஓர் ஒலிக்கூட்டு, பல சொற்களில் ஒரே சாயலான பொருளோடு திரும்பத் திரும்ப வருவதே அது. க்ளிட்டரிலிருந்து ஜி-எல்லை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பொருளுள்ள துண்டு அன்று. ஆனாலும் அந்த ஜி-எல் ஏதோ ஒளியைக் காட்டுவது போல ஆங்கிலம் பேசுபவர் காதில் படுகிறது. இது வெறும் பிரமை என்று தள்ளவும் முடியாது. மொழி ஆய்வாளர் பெஞ்சமின் பெர்கன் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சொல்லைக் காட்டிய உடனே இன்னொரு சொல்லைக் காட்டி, அதை எவ்வளவு விரைவாக அடையாளம் காண்கிறார்கள் என்று அளந்தார். க்ளிட்டர், க்ளோ போல ஒலியும் பொருளும் சேர்ந்து ஒத்த இணைகளில் வேகம் கூடியது. எழுத்து மட்டும் ஒத்த இணைகளிலும் பொருள் மட்டும் ஒத்த இணைகளிலும் அந்த அளவு வேகம் இல்லை. அதாவது இந்தத் தொகுதிகள் பட்டியல் போடுபவரின் கற்பனையில் மட்டும் இல்லை. பேசுபவரின் மனத்திலும் இருக்கின்றன.

இங்கே ஒரு எதிர்ப்புக் குரல் எழும். சொல்லுக்கும் பொருளுக்கும் இயற்கைத் தொடர்பு இல்லை என்பது மொழியியலின் பாலபாடம் அல்லவா? 1916-இல் அச்சான, சுவிஸ் மொழியியலாளர் சசூரின் விரிவுரைகள் அதைத்தான் அடித்துச் சொன்னன. 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்று தொல்காப்பியர் அதற்கு எவ்வளவோ முன்பே சொல்லிவிட்டார். அந்தச் சூத்திரத்தின் நயம் 'விழிப்ப' என்ற சொல்லில் இருக்கிறது: காரணம் பார்த்த மாத்திரத்தில் தெரியாது என்கிறார், காரணமே இல்லை என்று கதவைச் சாத்தவில்லை. ஜி-எல்லுக்கும் ஒளிக்கும் இயற்கையான பந்தம் ஏதுமில்லை. ஒளிச்சொற்கள் சில அங்கே முன்பே கூடியிருந்தன, அந்தக் கூட்டம் மற்றவற்றையும் ஈர்த்தது. இதற்கு ஸ்னீஸே சாட்சி. பழைய ஆங்கிலத்தில் தும்மலைக் குறித்த சொல் எஃப்-என் என்று தொடங்கியது. அந்த ஒலிக்கூட்டு ஆங்கிலத்தில் வழக்கொழிந்தது. அக்காலக் கையெழுத்தில் நீண்ட எஸ்ஸும் எஃப்பும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்ததும் குழப்பத்தை வளர்த்திருக்கலாம். போக்கிடம் தேடிய சொல், மூக்குச் சொற்கள் நிறைந்த எஸ்-என் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தது.

ஆனால் கையுறையான க்ளவ், பசையான க்ளூ, உடற்சுரப்பியான க்ளாண்ட் எதிலும் ஒளி இல்லை. ஸ்னோ பனி, ஸ்னேக் பாம்பு, ஸ்னெய்ல் நத்தை. மூன்றிலும் மூக்குக்கு வேலையில்லை. பாம்பும் நத்தையும் தமக்குள் உறவினர், ஊர்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தவை. எஸ்-எல் கூட்டத்திலும் இதே கதை: ஸ்லிப், ஸ்லைட், ஸ்லைம், ஸ்லிதர் என்று வழுக்கலும் வழவழப்புமாகப் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் ஸ்லோகன் நிற்கும். அது கேலிக் மொழியின் போர்முழக்கம். கவர்ச்சியைக் குறிக்கும் க்ளாமர் இன்னும் விசித்திரம். அதைப் பார்த்தால் ஜி-எல் ஒளிக்குடும்பத்தின் தலைமகள் போலத் தோன்றும். உண்மையில் அது இலக்கணத்தைக் குறிக்கும் கிராமர் ஸ்காட்லாந்தில் உருத்திரிந்த வடிவம். எழுத்தறிவு அரிதாக இருந்த காலத்தில் படிப்பாளி என்றால் மந்திரவாதி என்ற எண்ணம் இருந்தது. கிராமர் மாயவித்தையாகி, மாயவித்தை மயக்கும் அழகாயிற்று. இலக்கண வகுப்பில் தூங்குபவர்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

இப்போது முழு ஏமாற்றுகளுக்கு வருவோம். பென், பென்சில் இரண்டும் தாயும் பிள்ளையும் என்று நினைக்காதவர் அரிது. பென் லத்தீனில் இறகைக் குறித்த பென்னாவிலிருந்து வந்தது. இறகைச் சீவித்தான் எழுதினார்கள். பென்சிலோ 'சிறு வால்' என்று பொருள்பட்ட லத்தீன் சொல்லின் வழிவந்தது. ஓவியரின் மெல்லிய தூரிகையை முதலில் குறித்தது. பென்சிலின் உண்மையான உடன்பிறப்பு பெனிசிலின் என்ற மருந்து. நுண்ணோக்கியில் தூரிகை போலத் தெரிவதால் அந்தப் பூஞ்சைக்குப் பெனிசிலியம் என்று பெயர். அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928-இல் அதன் கிருமிக்கொல்லும் ஆற்றலைக் கண்டபின் மருந்துக்கும் பெயர் அங்கிருந்தே வந்தது.

பி-ஈ-டி என்ற மூன்றெழுத்து படிப்பவரை அதிகம் தடுமாற வைப்பது. நடந்து செல்பவர் பெடஸ்ட்ரியன், காலால் மிதிப்பது பெடல், நூறுகாலி சென்டிபீட், காலைக் கட்டியது போலத் தடுப்பது இம்பீட்: இவை பாதத்தைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தவை. குழந்தை மருத்துவம் பீடியாட்ரிக்ஸ், கற்பிக்கும் முறை பெடகாஜி: இவை குழந்தையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. பிரிட்டிஷ் முறையில் குழந்தை மருத்துவத்தை எழுதும்போது நடுவில் ஒரு ஏ கூடுதலாக நிற்கும். அந்த ஏ-தான் வேறுபாட்டைக் காட்டும் அடையாளம். அமெரிக்கர்கள் அதை எடுத்துவிட்டார்கள், குழப்பம் கூடிவிட்டது. வம்சாவளியைக் குறிக்கும் பெடிக்ரி பாதக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பது நம்புவதற்குக் கடினம். பிரெஞ்சில் 'கொக்கின் கால்' என்ற தொடர் அது. வம்சவிளக்கப் படத்தில் கிளை பிரியும் கோடுகள் பறவையின் கால்விரல் போல இருந்தன. எச்-ஓ-எம்-ஓ என்பதும் இப்படித்தான்: கொலையைக் குறிக்கும் ஹோமிசைடில் அது லத்தீன் 'மனிதன்', ஒரே தன்மையுள்ளதைக் குறிக்கும் ஹோமோஜீனியஸில் கிரேக்க 'ஒரே'. ஐ-என் என்ற முன்னொட்டு எதிர்மறை என்று படித்தவர், எளிதில் தீப்பற்றுவதைக் குறிக்கும் இன்ஃப்ளேமபிளைத் 'தீப்பற்றாதது' என்று எடுத்துக்கொண்டால் விபரீதம். அங்கே ஐ-என் 'உள்ளே' என்ற பொருள் தருவது. இந்த அபாயத்துக்கு அஞ்சியே எச்சரிக்கைப் பலகைகளில் ஃப்ளேமபிள் என்று எழுதுவது பரவியது.

ஏமாற்று எப்போதும் தற்செயல் என்று சொல்லிவிட முடியாது. ஆங்கில எழுத்துக்கூட்டில் பல இடங்களில் மனிதர் கைவைத்திருக்கிறார்கள். தீவைக் குறிக்கும் ஐலண்ட் பழைய ஆங்கிலச் சொல், அதில் எஸ் இருந்ததே இல்லை. லத்தீன் வழியில் வந்த ஐல் என்ற வேறொரு சொல்லைப் பார்த்து அதற்கும் ஓர் எஸ்ஸைச் சூட்டினார்கள். மகிழ்ச்சியைக் குறிக்கும் டிலைட் பிரெஞ்சுவழிச் சொல். ஒளியைக் குறிக்கும் லைட்டைப் பார்த்து ஒரு ஜி-எச் பெற்றது. குட் என்ற துணைவினையில் எல் வந்தது உட், ஷுட் இரண்டையும் பார்த்து. அவற்றில் எல்லுக்கு நியாயம் உண்டு, குட்டில் கிடையாது. பெண்ணைக் குறிக்கும் ஃபீமேலுக்கும் ஆணைக் குறிக்கும் மேலுக்கும் பிறப்பில் தொடர்பில்லை; இணையாக வழங்கி வழங்கி எழுத்தும் ஒலியும் ஒன்றை ஒன்று ஒத்துவிட்டன. பேயைக் குறிக்கும் கோஸ்டில் எச் எப்படி வந்தது? வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை நிறுவினார். ஃப்ளெமிஷ் வழக்கின் செல்வாக்கில் அவருடைய நூல்களில் புகுந்த எச் அது. அச்சில் ஏறிய பிறகு இறங்கவில்லை.

இப்படித் திணித்த எழுத்துகளிலும் ஒரு நன்மை உண்டு. கடனைக் குறிக்கும் டெட்டில் ஒலிக்காத ஒரு பி இருக்கிறது. லத்தீன் மூலத்தில் இருந்ததே என்று புலவர்கள் கொண்டுவந்து வைத்தது. அந்தப் பி, டெபிட் என்ற சகோதரச் சொல்லில் வாய்திறந்து ஒலிக்கிறது. ஐயத்தைக் குறிக்கும் டவுட்டின் ஊமை எழுத்து டூபியஸில் ஒலிக்கிறது. ரசீதைக் குறிக்கும் ரிசீட்டின் ஊமை எழுத்து ரிசப்ஷனில் ஒலிக்கிறது. சைனில் மறைந்த ஜி சிக்னலில் வெளிப்படும். தசையைக் குறிக்கும் மசிலில் பேசாத சி, மஸ்குலரில் பேசும். இலையுதிர்காலமான ஆட்டமில் கடைசியில் அடங்கிக் கிடக்கும் என், ஆட்டம்னலில் எழுந்து வரும். எழுத்துக்கூட்டு நினைவில் நிற்கவில்லை என்று வருந்துபவர்கள் தனிச்சொல்லோடு மல்லுக்கட்டாமல் அதன் உறவுச்சொல்லைத் தேடிப் பிடிப்பது மேல். ஒரு சொல்லைப் படிக்கப் போய் இரண்டு சொற்கள் கைக்கு வரும்.

எழுத்தை மட்டும் பார்த்தால் சில இடங்களில் சொல்லைத் தவறான இடத்தில் வெட்டவும் நேரும். ஹெலிகாப்டரை 'ஹெலி', 'காப்டர்' என்று பிரிப்பதே இன்று எல்லாருக்கும் வழக்கம். 1861-இல் பிரெஞ்சில் ஆக்கப்பட்ட அந்தச் சொல்லின் கிரேக்க உறுப்புகள் 'ஹெலிகோ', 'ப்டெர்': சுருள், சிறகு. அதே 'ப்டெர்' பறக்கும் தொல்விலங்கான டெரோடாக்டிலின் தொடக்கத்தில் ஊமை எழுத்தோடு நிற்கிறது. சரியான இடத்தில் வெட்டினால்தான் இரண்டும் சிறகுச் சொற்கள் என்று தெரியும்.

முன்னால் மனத்தில் வைக்கச் சொன்னதை இப்போது எடுக்கலாம். உறவு இருந்தும் எழுத்து ஒத்துவராத சொற்கள்தான் ஆங்கிலத்தில் ஏராளம். ஜேக்கப் கிரிம் (ஆம், தம் தம்பியோடு சேர்ந்து நாட்டுக்கதைகளைத் தொகுத்தவரேதான்) 1822-இல் ஓர் ஒலிமாற்ற ஒழுங்கை விளக்கினார். லத்தீனிலும் கிரேக்கத்திலும் ப இருக்கும் இடத்தில் ஆங்கிலம் முதலிய ஜெர்மானிய மொழிகளில் ஃப வரும். அங்கே ட என்றால் இங்கே த் போன்ற ஒலி. அங்கே க என்றால் இங்கே ஹ. அங்கே ஜி என்றால் இங்கே கே. அதனால்தான் பாதத்தைக் குறிக்கும் ஃபுட்டும் பெடலும் உறவினர். தந்தையான ஃபாதருக்குப் பட்டர்னல் உறவு, மூன்றான த்ரீக்கு ட்ரையாங்கிளின் ட்ரை உறவு, கொம்பான ஹார்னுக்கு யூனிகார்னின் கார்ன் உறவு. நோவுக்கும் காக்னிஷனுக்கும், முழங்கால் நீக்கும் ஜெனுவுக்கும் இடையே கண்டது இதே ஒழுங்கு. இந்த நான்கு மாற்றங்களை மனத்தில் இருத்திக்கொண்டால், எளிய சொல் ஒன்றும் அதன் படிப்பாளி உறவு ஒன்றும் இணையிணையாகச் சேர்ந்துகொண்டே போகும். ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்பட்டியலைவிட இது எத்தனையோ மடங்கு பயன் தரும் என்பது என் கருத்து. இதை ஏன் எந்தப் பட்டியலும் சொல்வதில்லை என்றால், அகரவரிசையில் இது அடங்காது.

எப்படிப் படிப்பது என்பதற்கு ஒரு தொகுதியைச் செய்தே காட்டுகிறேன். டி-டபிள்யூ. இரண்டைக் குறிக்கும் டூவில் டபிள்யூ ஊமை. ஆனால் அது ஏன் அங்கே இருக்கிறது என்று மற்றவை சொல்லும். இரட்டையர் ட்வின், இருமுறை ட்வைஸ், இரு பத்துகள் ட்வென்ட்டி, இரண்டுக்கு இடையே பிட்வீன், இரு புரி முறுக்கிய நூல் ட்வைன், அந்தியொளி ட்வைலைட். ட்வெல்வ் என்றால் 'இரண்டு மிச்சம்', பத்தை எண்ணி முடித்த பிறகு மிஞ்சியது. லெவனில் மிஞ்சியது ஒன்று. இவற்றை எழுதியதும் அகராதியைத் திறந்து ஒவ்வொன்றின் சொற்பிறப்புக் குறிப்பையும் பாருங்கள். நல்ல அகராதிகள் எல்லாம் பொருளுக்கு முன்னோ பின்னோ அதைத் தருகின்றன. பிறகு கிரிம்மின் ஒழுங்கைப் பொருத்துங்கள். மேலே சொன்ன நான்கோடு இன்னொரு மாற்றமும் அதில் உண்டு. ஆங்கிலத்தில் வல்லொலியான டி (t) என்றால் லத்தீனில் மென்மையான டி (d): டூயோ, டூயல், டூயட். மேலே பார்த்த டூபியஸும் டவுட்டும் இந்த டூயோவின் கிளைகளே. மனம் இரண்டுபடுவதுதானே ஐயம்.

கடைசியாகச் சேராதவை. பறவைக் கீச்சொலியான ட்வீட் ஒலிக்குறிப்பு, அதற்கு வேர் தேட வேண்டாம். முடி பிடுங்கும் சிறு இடுக்கியான ட்வீசர்ஸ்தான் கவனத்துக்குரியது. இரண்டு கைகள் கொண்ட கருவி, டி-டபிள்யூவில் தொடங்கும் பெயர். இதைவிடப் பொருத்தம் வேண்டுமா என்று தோன்றும். ஆனால் சிறு கருவிகளை வைக்கும் உறைக்குப் பிரெஞ்சில் எத்வீ என்று பெயர். ஆங்கிலேயர் வாயில் முன்னெழுத்து உதிர்ந்து, உறையின் பெயர் அதற்குள் இருந்த கருவிக்கு ஒட்டிக்கொண்டது.